பழைய கார்னெட்டுக்கு எந்த மவுத்பீஸ்?

நூறு வருடப் பழைய கார்னெட்டில் (டிரம்பெட் மாதிரியான பித்தளை ஊதுகருவி) டிரம்பெட் மவுத்பீஸ் (உதட்டை வைத்து ஊதும் பகுதி) வைத்து ஊதுகிறீர்கள், பத்து நிமிடத்தில் உதடு சோர்ந்துவிடுகிறது, மேல் சுரங்கள் நழுவுகின்றன என்று எழுதியிருந்தீர்கள். உதட்டைக் குறை சொல்லாதீர்கள். டிரம்பெட் மவுத்பீஸின் தண்டு, அதாவது கருவிக்குள் செருகும் பகுதி, கார்னெட்டுக்குப் பருமன். அது முழுசாக உள்ளே போகாமல் வெளியே நிற்பதால் குழாயின் நீளமே மாறி, சுருதி இறங்கிவிடும்.

கார்னெட் மவுத்பீஸ்தான் வேண்டும். அதிலும் ஒரு சிக்கல்: சில பழைய கருவிகளில் மவுத்பீஸ் செருகும் துளை இன்றைய கார்னெட் தண்டுக்கே சிறியது. வாங்குமுன் செருகி, லேசாக ஆட்டிப் பாருங்கள். நுனி ஆடினால், தண்டு சிறுத்துப்போகும் சரிவு துளையோடு பொருந்தவில்லை. சுமார் இரண்டு சென்டிமீட்டராவது உள்ளே போய் அசையாமல் நிற்க வேண்டும். டேப் சுற்றிச் சமாளிக்காதீர்கள், காற்று கசியும்.

மவுத்பீஸின் கிண்ணம், அதாவது உதடு வைக்கும் பக்கத்துக் குழி, ஆழமாக, புனல் மாதிரி இறங்குவதையே எடுங்கள். அந்தக் காலக் கார்னெட்டுகள் அப்படிப்பட்ட மவுத்பீஸை நம்பித்தான் செய்யப்பட்டன; அந்த உருண்டையான, மென்மையான நாதம் அதில்தான் வரும். ஆழமற்ற கிண்ணத்தில் ஓசை கூர்மையாகி, கருவியின் அழகே போய்விடும். விளிம்பு மட்டும் உங்கள் உதட்டுக்குப் பழகிய அகலத்தில் இருக்கட்டும்.

அப்புறம், செலவு செய்யுமுன் வால்வை (விரலால் அழுத்தும் விசை) அழுத்தாமல் அதன் ஸ்லைடை (அதோடு சேர்ந்த, உருவி எடுக்கும் வளைகுழாய்) மெதுவாக உருவுங்கள். பிறகு வால்வை அழுத்தும்போது 'பொப்' என்று சத்தம் வந்தால் நல்லது. வராவிட்டால் வால்வு கசிகிறது, முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.