முற்றுகைக்குள் எடுத்த காட்சி சென்னை வந்து சேர வேண்டுமென்றால்

வாசகர் கேள்வி: சென்னையில் சுயேச்சையாக வேலை செய்யும் வீடியோ பத்திரிகையாளர் நான். போர் நெருங்கிக்கொண்டிருக்கும் ஒரு நகரத்துக்கு நண்பருடன் போகப்போகிறேன். அன்றாடம் செய்திக்கு கிளிப் அனுப்ப வேண்டும். திரும்பி வந்து முழுநீள ஆவணப்படமும் செய்ய எண்ணம். சாலைகள் அடைபட்டு, கரண்டும் நெட்டும் போய்விட்டால் எப்படிச் சமாளிப்பது? என்னென்ன வாங்கிப் போக வேண்டும்? – வடபழனி வாசகர்

பதில்: போர்முனைக்கான முதலுதவிப் பயிற்சி, குண்டு துளைக்காத உடுப்பும் ஹெல்மெட்டும், ஆளுக்கு இரண்டு டூர்னிக்கே (ரத்தப்போக்கை நிறுத்தக் கை, காலில் இறுக்கிக் கட்டும் பட்டி), போரையும் உள்ளடக்கிய இன்சூரன்ஸ். இந்த நான்கும் இல்லாமல் கிளம்புவதாக இருந்தால் மேற்கொண்டு படிக்கவே வேண்டாம். சாதாரண பயணக் காப்பீட்டில் போர் விலக்கப்பட்டிருக்கும். பாலிசியின் பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள்.

இனி கருவிகள். முற்றுகையில் முதலில் தீர்வது பேட்டரி, அதனால் கணக்கை அங்கிருந்தே தொடங்குங்கள். சோனி எஃப்எக்ஸ்3, ஏ7 வகைக் கேமராக்களில் போடும் எஃப்இசட்100 பேட்டரி ஒன்று 16.4 வாட்-ஹவர் (பேட்டரியில் எவ்வளவு மின்சாரம் அடங்கும் என்ற அளவு). 20,000 எம்ஏஹெச் பவர் பேங்க் என்பது 3.7 வோல்ட் கணக்கில் 74 வாட்-ஹவர். மின்னழுத்தம் மாற்றுவதில் போகும் இழப்பைக் கழித்தால் கைக்கு வருவது ஏறக்குறைய 60. கேமரா பேட்டரி மூன்றை ஏற்றினால் அதுவும் காலி. விமானத்தில் ஒரு பேட்டரிக்கு 100 வாட்-ஹவர் வரைதான் தடையில்லாமல் விடுவார்கள். 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். உதிரி பேட்டரி எதுவும் செக்-இன் பெட்டியில் போகக் கூடாது. ரிச்சி தெருவில் '50,000' என்று அச்சடித்து விற்கும் பவர் பேங்க் உங்களுக்கு வேண்டாம். அது உண்மையென்றால் 185 வாட்-ஹவர், விமானத்தில் ஏறாது. பொய்யென்றால் காசு தண்டம்.

லேப்டாப்பைத் திறக்காமல் வேலை பார்க்கப் பழகுங்கள். மின்சாரத்தை அதிகம் விழுங்குவது அதுதான். கார்டு ரீடர், எஸ்எஸ்டி (கையடக்கச் சேமிப்பு டிரைவ்) இரண்டையும் போனில் மாட்டி நேரடியாக நகலெடுக்கலாம். ஆனால் இரண்டுக்கும் வேண்டிய மின்சாரத்தைப் போனின் யுஎஸ்பி-சி துளை தனியாகத் தராது. பாதி நகலில் எஸ்எஸ்டி துண்டித்துக்கொள்ளும், சில நேரம் கோப்புகளும் கெட்டுப்போகும். பவர் பேங்கையும் மாட்டிக்கொள்ளும் வகை ஹப் (பல யுஎஸ்பி துளைகள் உள்ள இணைப்புப் பெட்டி) வாங்கி, கிளம்புமுன் வீட்டில் ஒரு முழு கார்டை நகலெடுத்துப் பாருங்கள்.

கார் இருந்தால் 12 வோல்ட் சாக்கெட்டில் யுஎஸ்பி சார்ஜர் போதும். இன்வெர்ட்டர் போட்டால் இரண்டு முறை மாற்றுவதில் மின்சாரம் வீணாகும். வண்டி ஓடும்போது மட்டும் சார்ஜ் செய்யுங்கள். நின்ற வண்டியின் பேட்டரியை இரவெல்லாம் உறிஞ்சினால், தப்பிக்க வேண்டிய காலையில் எஞ்சின் கிளம்பாது. மடக்கு சோலார் பலகையைக் குளிர்கால மேகமூட்டத்தில் பெரிதாக நம்ப முடியாது. மொட்டை மாடியில் பளபளவென்று விரித்து வைத்தால் ட்ரோன் கண்ணில் படும்.

குளிர், சென்னைக்காரர்கள் கணக்கில் எடுக்க மறக்கும் விஷயம். லித்தியம் பேட்டரி உறைநிலையில் சீக்கிரம் படுத்துவிடும். உதிரிகளைச் சட்டையின் உள்பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள். ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் இங்கே லென்ஸ் வியர்க்குமே, அங்கே அது தலைகீழாக நடக்கும்: வெளிக்குளிரிலிருந்து சூடான நிலவறைக்குள் போகும்போது. உள்ளே நுழையுமுன் கேமராவை ஜிப் பையில் போட்டு மூடி, கால் மணி நேரமாவது அப்படியே விடுங்கள்.

அடுத்து, 4கே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. 4கே நொடிக்கு 100 மெகாபிட் என்றால் மணிக்கு 45 ஜிபி. 1080-ல், அதாவது ஃபுல் எச்டியில், 50 மெகாபிட் என்றால் 22.5 ஜிபி. 2022-ல் உக்ரைனின் மரியுபோல் நகர முற்றுகைக்குள் இருந்த ஏபி (அசோசியேட்டட் பிரஸ்) செய்தி நிறுவனக் குழு எடுத்தது மொத்தம் சுமார் 30 மணி நேரம். அவ்வளவு காட்சி 1080-ல் 675 ஜிபிக்குள் அடங்கும். 128 ஜிபி கார்டு ஆறு போதும், எட்டு வாங்குங்கள். 1 டிபி கார்டு ஒன்றில் எல்லாவற்றையும் போட்டால், அது போகும்போது எல்லாமே போகும். உள்ளே இருக்கும்வரை எந்த கார்டையும் ஃபார்மேட் செய்யக் கூடாது. போனில் எடுக்கும் நகல் பைட்டுக்கு பைட் சரிபார்க்கப்படுவதில்லை. அசல் என்று நம்பத்தக்கது கார்டுதான். போலி கார்டுகளும் சந்தையில் உண்டு: 128 என்று காட்டும், 32-க்கு மேல் எழுதியது காணாமல் போகும். ஒவ்வொன்றையும் எச்2டெஸ்ட்டபிள்யூ மென்பொருளில் முழுக்க எழுதிப் படித்துப் பார்த்த பிறகே பையில் போடுங்கள்.

கேமரா கடிகாரத்தை உலகப் பொது நேரத்துக்கு வைத்து, இரண்டு கேமராக்களிலும் போனிலும் ஒன்றாக்குங்கள். இது ஏன் முக்கியம் என்பதற்கு நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டே இருக்கிறது. இலங்கையில் கைதிகள் சுட்டுக் கொல்லப்படும் காணொலியை 2009 ஆகஸ்டில் பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சி ஒளிபரப்பியது. ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் நியமித்த நிபுணர்கள் அது உண்மையானதாகவே தெரிகிறது என்று 2010 ஜனவரியில் சொன்னார்கள். ஆனாலும் அவர்களால் விளக்க முடியாமல் நின்றவற்றில் ஒன்று, கோப்புக்குள் பதிவாகியிருந்த 2009 ஜூலை 17 என்ற தேதி. போர் முடிந்தது மே மாதத்தில். அந்த ஒரு தேதி மறுப்பவருக்கு எவ்வளவு வசதி என்று யோசித்துப் பாருங்கள்.

மரியுபோல் மகப்பேறு மருத்துவமனை மீது 2022 மார்ச் 9 அன்று குண்டு விழுந்தபோது, படத்தில் இருந்த கர்ப்பிணியை நடிகை என்றது லண்டனிலுள்ள ரஷ்யத் தூதரகம். இப்படிப்பட்ட மறுப்புக்குப் பதில், வெட்டாத நீளமான ஷாட். செய்திக்குப் பத்து நொடி போதும். நீங்களோ கேமராவை நிறுத்தாமல் தெருவின் பெயர்ப்பலகை, அடையாளம் தெரியும் கட்டடம், வானம் என்று ஒரு சுற்று வாங்கி விட்டுத்தான் அணைக்க வேண்டும். பின்னால் ஆவணப்படத்துக்கு மூச்சுவிட இடம் தருவதும் இந்த நீளம்தான்.

ஒலியில் ஆட்டோ கெயின் (ஒலி அளவைக் கேமரா தானே கூட்டிக் குறைப்பது) வேண்டாம். வெடிச் சத்தம் வந்ததும் அது ஒலியைக் கீழே இழுத்துவிடும். அடுத்த சில நொடிகள் மனிதர் பேசுவது கேட்காது. மேனுவலில் வைத்து, இரண்டாவது சேனலை 12 டெசிபல் தாழ்த்திப் பதியுங்கள்.

அனுப்புவது தனிக் கலை. 1080-ல் எடுத்த பத்து நொடி அசல் கோப்பு 62 எம்பி. நொடிக்கு 64 கிலோபிட் இணைப்பில் அது போய்ச்சேர இரண்டு மணி நேரத்துக்கு மேலாகும். நொடிக்கு 2 மெகாபிட்டுக்குச் சுருக்கினால் 2.5 எம்பி, ஐந்து நிமிடம் சொச்சம். மரியுபோல் குழு, சூறையாடப்பட்ட ஒரு மளிகைக் கடையின் வெளிப் படிக்கட்டுக்கு அடியில்தான் சிக்னல் கிடைத்ததென்று தினமும் அங்கே போய்ப் பதுங்கி அனுப்பியது. ஒரு காணொலியை மூன்று துண்டாக்கி மூன்று போன்களில் ஒரே நேரத்தில் ஏற்றியபோதும் மணிக்கணக்கானது. துண்டாக்குவதில் இன்னொரு லாபம், நடுவில் அறுந்தால் அந்தத் துண்டை மட்டும் மறுபடி அனுப்பலாம். அனுப்பும் நகலில் ஜிபிஎஸ் விவரத்தை நீக்குங்கள், அசலில் தொடாதீர்கள். தூங்கும் இடத்திலிருந்து அனுப்பாதீர்கள். சிக்னல் வரும் திசையைக் கண்டுபிடிக்க முடியும். அனுப்பி முடித்ததும் இடத்தை மாற்றுங்கள். சாட்டிலைட் போன் வேண்டுமென்றால் வெளிநாட்டிலேயே வாடகைக்கு எடுத்து அங்கேயே ஒப்படையுங்கள். தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியில்லாமல் துரையா, இரிடியம் போன்களுடன் மீனம்பாக்கத்தில் இறங்கினால் கைதுதான். கேமராக்களின் சீரியல் எண்களைப் போகும்போதே சுங்கத்தில் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிவிட்டால், வரும்போது வரி கட்டச் சொல்லமாட்டார்கள்.

வெளியேறும் நாளில் கார்டுகள் ஒருவரிடம், எஸ்எஸ்டி மற்றவரிடம். முடிந்தால் இருவரும் வேறு வேறு வண்டியில். எஸ்எஸ்டியை வெராகிரிப்ட் என்ற குறியாக்க மென்பொருளில் பூட்டலாம். ஆனால் சோதனைச் சாவடியில் துப்பாக்கி முனையில் கேட்டால் கடவுச்சொல் நிற்காது. ஆகவே யாருடைய பெயரையும் கோப்புப் பெயராக வைக்காதீர்கள். பெயர், ஒப்புதல் விவரமெல்லாம் தனி நோட்டில், குறியெண்ணோடு.

சென்னைக்கு வந்ததும், எதுவும் அழியாதபடி கார்டுகளின் ஓரத்திலுள்ள பூட்டை 'லாக்' பக்கம் தள்ளிவிட்டு, செக்சம் (நகல் அசலோடு ஒத்திருக்கிறதா என்று காட்டும் எண்) சரிபார்க்கும் மென்பொருளில் இரண்டு நகல் எடுங்கள். பிறகு எடிட்டரிடம் இரண்டு விஷயங்களை எழுதிக் கொடுங்கள். ஒன்று, ஏஐ வைத்துக் கூர்மையாக்குவதோ பெரிதாக்குவதோ கூடாது. இல்லாத விவரத்தை அது தானே வரைந்துவிடும். மற்றது, தூரத்து வெடிப்பில் ஒளி முதலில், சத்தம் பிறகு வரும். சாலிகிராமத்தில் எந்த எடிட்டர் கையிலும் அது 'சிங்க் போயிருக்கு' என்று தோன்றி, இழுத்து ஒட்டவைத்துவிடுவார். ஒட்டவைக்கக் கூடாது. மூன்று நொடி இடைவெளி என்றால் வெடித்த இடம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தள்ளி. குண்டு எங்கே விழுந்தது என்று பின்னால் கணக்கிடுபவருக்கு அந்த இடைவெளி வேண்டும்.