வெப்பம் ஆணா, பெண்ணா?

அன்புள்ள ஐயா,

என்னுடன் பணியாற்றும், ஸ்பெயினின் செவில் நகரத்துப் பெண்மணி ஒருவர் ஸ்பானியத்தில் வெப்பத்தை ‘லா கலோர்’ என்று பெண்பாலில் சொல்கிறார். பாடநூலின்படி ‘எல் கலோர்’ என்ற ஆண்பாலே சரி என்று திருத்தினேன், சிரித்துவிட்டார். லத்தீனிலும் ‘கலோர்’ ஆண்பால்தானே? பிரெஞ்சில் மட்டும் அது ஏன் பெண்பாலானது? இவையெல்லாம் லத்தீனின் சிதைவுகள்தாமா? நம்முடைய ‘கனல்’ என்ற சொல்லுக்கும் இதற்கும் உறவு உண்டா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கனலை விட்டுவிடுங்கள். இரண்டு சொற்கள் காதுக்கு ஒன்றுபோல் கேட்பது உறவுக்குச் சான்றாகாது. லத்தீனின் ‘கலோர்’ பிரெஞ்சில் ‘ஷலேர்’ ஆனதென்றால், குதிரையைக் குறித்த ‘கபால்லுஸ்’ அதே வழியில் ‘ஷவால்’ ஆகியிருக்கிறது. வயலைக் குறித்த ‘கம்புஸ்’ ‘ஷான்’ ஆகியிருக்கிறது. கனலுக்கு இப்படியொரு வரிசையை உங்களால் காட்ட முடியாது.

பிரெஞ்சில் மட்டும் என்பதும் தவறு. கத்தலான் மொழியிலும் வெப்பம் பெண்பால்தான். இத்தாலியத்தின் ‘கலோரே’ ஆண்பால். போர்த்துகீசியத்தில் வெப்பம் ஆண்பாலாகவே நிற்க, அதே ஈறு கொண்ட நிறமும் வலியும் பெண்பாலாகிவிட்டன. லத்தீனில் பண்புப் பெயர்கள் பல பெண்பாலாக இருந்ததால் இவையும் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டன என்று பொதுவாக விளக்குவார்கள். அதற்குமேல் இதில் தோண்ட எனக்கு விருப்பமில்லை.

என்னைப் பதில் எழுத உட்கார வைத்தது ‘சிதைவு’ என்ற உங்கள் சொல். ஒரு மொழியைப் பிறந்தது முதல் பேசி வருபவரை, அதைப் புத்தகத்தில் கற்றுக்கொண்டிருக்கும் நீங்கள் திருத்தியிருக்கிறீர்கள். உங்கள் ஆர்வத்தை நான் குறைத்துப் பேசவில்லை. இந்த வயதில் புதிய மொழியொன்றில் இவ்வளவு தூரம் இறங்குபவர்கள் மிகச் சிலரே. ஆனால் இலக்கணம் கற்ற உடனே பக்கத்து மேசைக்காரரிடம் பிரம்பை ஓங்குவது என்ன பழக்கம்?

‘கலோர்’ என்பதன் உடன்பிறப்பான ‘கலிதுஸ்’, அதாவது சூடான, என்ற சொல்லுக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். விரைந்த பேச்சில் அதன் நடு உயிர் உதிர்ந்து ‘கல்துஸ்’ ஆனது. (பாலுக்கேற்ப ஈறு மாறி ‘கல்தும்’, ‘கல்தா’ என்றும் வரும்.) தம் பேரன் காயுஸ் ‘கல்தும்’ என்பதற்குப் பதிலாக ‘கலிதும்’ என்றே சொல்ல விரும்பியதை ரோமப் பேரரசர் அகஸ்டஸ் தம் கடிதங்களில் கண்டித்தார் என்று பேச்சுக்கலை ஆசிரியரான குவின்டிலியன் பதிவு செய்திருக்கிறார். ‘கலிதும்’ லத்தீன் அல்ல என்பதற்காக அவர் கண்டிக்கவில்லை. அது எரிச்சலூட்டும் மிகை நுணுக்கமாக அவருக்குப் பட்டது. ஒரு பேரரசையே ஆண்ட மனிதருக்கு, பேரன் பேச்சு வழக்கை விட்டுப் படித்தவன்போல் சொல்வது பொறுக்கவில்லை.

சில நூற்றாண்டுகள் கழித்துப் பெயர் தெரியாத ஆசிரியர் ஒருவர், ‘இது சரி, அது அல்ல’ என்று 227 சொற்களைப் பட்டியலிட்டார். ‘ப்ரோபுஸின் பின்னிணைப்பு’ என்று அறிஞர்கள் அழைக்கும் அந்தப் பட்டியலில் ‘கலிதா, கல்தா அல்ல’ என்றும் ஒரு வரி இருக்கிறது. பேரரசர் பரிந்துரைத்த வடிவத்தையே வாத்தியார் அடித்திருக்கிறார்! அவர் பேச்சை யாரும் கேட்கவில்லை. அவர் கூடாதென்ற ‘கல்தா’விலிருந்துதான் இத்தாலியத்தின் ‘கால்தா’, பிரெஞ்சின் ‘ஷோத்’, ருமேனியத்தின் ‘கல்தெ’ எல்லாம் வந்தன. ஸ்பெயின்காரர்கள் குடிக்கும் ‘கால்தோ’ என்ற சூப்பின் பெயரும் அந்தக் குடும்பம்தான். பட்டியலில் வலப்பக்கம் தள்ளப்பட்ட பல வடிவங்களின் கதை இதுவே. அந்த மனிதர் தடுக்க நினைத்ததால்தான் அன்று மக்கள் பேசியது எப்படி என்பது இன்று நமக்குத் தெரிகிறது என்பதால், அவர்மேல் எனக்குக் கொஞ்சம் பாசமும் உண்டு.

உங்கள் தோழி பேசுவது புதிய பிழையும் அல்ல. பழைய ஸ்பானியத்தில் ‘லா கலோர்’ இயல்பான வழக்கு. மே மாதத்தில் சிறையிலிருக்கும் கைதி பாடுவதாக அமைந்த பழங்கதைப் பாடலிலும் வெப்பம் பெண்பால்தான். பின்னாளில் கற்றோர் வழக்கு ஆண்பாலைத் தேர்ந்தது. செவில் இருக்கும் அந்தலூசியா பகுதி பழையதை விடவில்லை. ஸ்பானிய மொழிக்கு விதி சொல்லும் ஸ்பானிய அகாதெமி பெண்பாலைத் தவிர்க்கச் சொல்கிறதே என்பீர்கள். சொல்லட்டும், அது அகாதெமியின் வேலை; உங்களை அந்த வேலைக்கு யாரும் அமர்த்தவில்லை. தேர்வில் ‘எல் கலோர்’ என்றே எழுதி மதிப்பெண் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்பெயினின் மீனவர்கள், பாடநூல் ஆண்பாலாக்கிய கடலை ‘லா மார்’ என்று பெண்பாலில்தான் அழைப்பார்கள். அங்கே போக நேர்ந்தால் அவர்களையும் திருத்தக் கிளம்பிவிடாதீர்கள்.