அந்த வீடு யாருடைய சீதனம்?

அன்புள்ள அக்கா,

தை மாதக் கடைசியில் மனைவி, பிள்ளைகளோடு ஊருக்கு வந்திருந்தேன். மட்டக்களப்புப் புளியந்தீவில் வாவிக்கரையோரமாக ஒரு பழைய வீட்டைத் திருத்தி, விடுமுறைக்கு வருபவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். அங்கேதான் தங்கினோம். உயரமான கூரை, முதிரைக் கதவுகள், காற்றோட்டமான விறாந்தை. ‘ஒல்லாந்தர் காலத்து மாளிகை, பின்னர் ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் வதிவிடம்’ என்று சுவரில் ஒரு பலகை. பழைய குசினி இருந்த இடத்தில் மிக அழகான குளியலறை கட்டியிருக்கிறார்கள். படங்கள் அனுப்பியிருக்கிறேன். வாவிக்குள்ளிருந்து பாட்டுப்போல் வரும் என்கிற பாடுமீன் சத்தம் மட்டும் கேட்கவே இல்லை.

ஆரையம்பதியில் பூட்டிக் கிடக்கும் எங்கள் வீட்டையும் இப்படி ஆக்கலாம் என்று நினைக்கிறேன். அம்மா எங்களோடு கனடாவில் இருக்கிறார். தங்கைக்கு இதிலெல்லாம் ஆர்வம் இல்லை. வீட்டை மாமாதான் பார்த்துக்கொள்கிறார். சுவரில் காரை உதிர்கிறது, சீமெந்து பூசித் தருவதாக ஒப்பந்தகாரர் சொல்கிறார். பழைய வீடுகளை விடுதியாக்குவது சரிதானா? வாடகை எவ்வளவு வைக்கலாம்?

அன்புடன்,
ச., ரொறன்ரோ

*

அன்புள்ள தம்பி,

எங்கள் தெருவில் ஒரு பழைய வீடு கைமாறியது. வாங்கியவர்கள் முதல் வேலையாகக் குசினியை இடித்தார்கள். அந்தப் புழுதி அடங்கும் முன் உங்கள் கடிதம் வந்தது. அதில் ‘மிக அழகான குளியலறை’ என்ற வரியைப் படித்ததும் மற்றதை வாசிக்க முடியாமல் வைத்துவிட்டேன். இரவுதான் முழுவதும் வாசித்தேன். உங்கள் மீது கோபமில்லை. பிள்ளைகளை ஊர் காட்ட அழைத்து வந்திருக்கிறீர்கள், பத்து மாடி ஹோட்டலைத் தேடாமல் பழைய கூரையின் கீழ் படுக்க வைத்திருக்கிறீர்கள். அது எனக்கு மிகவும் பிடித்தது.

பாடுமீனைப் பற்றி. தை மாதத்தில் மழைவெள்ளம் இறங்கிய வாவியில் அதைக் கேட்க முடியாது. சித்திரை தாண்டி வாருங்கள். நிலவு முழுதாக இருக்க வேண்டும், காற்று அடங்கியிருக்க வேண்டும். கல்லடிப் பாலத்தருகே தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையை நீரில் விட்டு மறுமுனையைக் காதோடு சேர்த்துப் பிடியுங்கள். வாடகை விஷயத்தை விடுதி நடத்துபவர்களிடம் கேளுங்கள்.

அந்தப் பலகையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், 1638இல் போர்த்துக்கேயரிடமிருந்து மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்தார்கள். 1796க்குள் கரையோரம் முழுவதும் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. நீங்கள் அனுப்பிய படத்தில் கூரையில் இருப்பவை ஒன்றோடொன்று கொளுவும் தட்டையான ஓடுகள். நாங்கள் கள்ளிக்கோட்டை ஓடு என்போம். அந்த வகை ஓட்டை இந்தப் பக்கத்துக்குக் கொண்டுவந்தது 1865இல் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலை. கூரையைப் பின்னாளில் மாற்றியிருக்கலாம். 1978 நவம்பர் 23 சூறாவளியில் எத்தனையோ வீடுகளின் ஓடுகள் பறந்தன, பிறகு கிடைத்ததைப் போட்டுத்தான் மூடினார்கள். ஆனால் பலகை எழுதியவர் அண்ணாந்து கூரையைப் பார்த்து ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஒல்லாந்தர் என்று எழுதினால் வீட்டுக்கு மதிப்புக் கூடும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

அந்த ஆங்கிலேய அதிகாரி அங்கே எத்தனை வருடம் இருந்திருப்பார்? உத்தியோகத்துக்கு வந்தவர், மாற்றல் வந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு போயிருப்பார். அவருக்கு முன்னும் பின்னும் அந்த வீடு யாருடையது? மட்டக்களப்பில் ஒரு பழைய வீட்டைப் பார்த்ததும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இது யாருக்குச் சீதனமாக எழுதிய வீடு என்பது. பலகையில் அது இல்லை. உங்கள் கடிதத்திலும் இல்லை. உங்கள் தாயார் ஆரையம்பதியில் பிறந்தவர். அவர் எந்தக் குடி, அதாவது எந்தத் தாய்வழிக் குலம், என்று கேட்டால் தன் தாயின் குடியைத்தான் சொல்வார். நீங்களும் அந்தக் குடிதான், உங்கள் அப்பாவின் குடி இல்லை. வீடும் அதே வழியில் வருவது.

இந்தக் கரையின் தாய்வழிச் சொத்துரிமையை நீதிமன்றங்களில், இங்குள்ள முக்குவர் சமூகத்தின் பெயரால், முக்குவர் சட்டம் என்றார்கள். 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் வந்தபின் அது செல்லாக்காசானது. சட்டம் போனதே தவிரத் தாய்மார் விட்டுக்கொடுக்கவில்லை. தாங்கள் கண்மூடிய பிறகு போக வேண்டியதை, உயிரோடு இருக்கும்போதே மகள் பெயரில் சீதன உறுதியாக, அதாவது சொத்துப் பத்திரமாக, எழுதி முடித்தார்கள். காத்தான்குடியிலும் சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் முஸ்லிம் குடும்பங்களிலும் இதே வழக்கம்தான். இதில் பெருமைப்பட மட்டும் இடமிருக்கிறது என்று நான் சொல்லவில்லை. மகளுக்கு ஒரு வீடு எழுப்புவதற்காக மத்திய கிழக்கில் யாரோ வீட்டில் பாத்திரம் கழுவிய தாய்மாரை எனக்குத் தெரியும். தங்கைமாரின் வீடு முடியும்வரை தலை நரைக்கக் காத்திருந்த அண்ணன்மாரையும் தெரியும். ஆனாலும் ஒரு பெண்ணைக் கணவன் ‘என் வீட்டை விட்டுப் போ’ என்று சொல்ல முடியாத ஊர் இது. கோபித்துக்கொண்டு போவதானால் அவன்தான் போக வேண்டும்.

எங்கள் மூத்தக்காவுக்குக் கல்யாணம் முடிந்தபின் அம்மாவும் அப்பாவும் சின்னவர்களான நாங்களும் அதே வளவின் பின்புறம் கட்டிய வீட்டுக்கு மாறினோம். சுவருக்குப் பூச்சு இல்லை. யன்னலுக்குக் கதவு வந்திருக்கவில்லை, சாக்கைக் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். அம்மா சாமிப்படங்களையும் இரண்டு தகரப்பெட்டிகளையும் தேங்காய்த் திருவலையையும் எடுத்துக்கொண்டார். அம்மியையும் உரலையும் தொடவில்லை. அவை வீட்டோடு சேர்ந்தவை என்றார். மறுநாள் காலையில் கழுவிய மீன் சட்டியோடு பழைய வீட்டுக் குசினிப் படியில் போய் நின்றார். உள்ளே ஏறவில்லை. “மகள், கறிக்கு அரைக்க வேண்டும், அம்மி தருவாயா?” என்று கேட்டார். தன் தாயிடமிருந்து அவருக்கு வந்த அம்மி அது. நடுவில் குழி விழுந்திருந்தது அவர் அரைத்து அரைத்துத்தான். அக்கா ஒன்றும் பேசாமல் ஓடிவந்து சட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போய் அழுதாள். அம்மா அழவில்லை. புது வீட்டுக்கு அம்மி வரும்வரை ஒவ்வொரு நாளும் அப்படிக் கேட்டுத்தான் அரைத்தார்.

நீங்கள் தங்கிய வீட்டிலும் அப்படி ஒரு படி இருந்திருக்கும். தாவாரத்தைக் கடந்து, இரண்டு படி இறங்கி, குசினி. புகை பிடித்துக் கறுத்த சுவர், அடுப்புக்கு மேல் விறகு காயப்போடும் பரண். வீட்டின் உரிமை கைமாறுவதெல்லாம் இங்கே அந்தப் படியில் நடந்தது. விறாந்தை வந்துபோகிறவர்களுக்கானது. விறாந்தைக்குப் பிரம்பு நாற்காலி தேடிப் போட்டிருக்கிறார்கள், முதிரைக் கதவை மினுக்கியிருக்கிறார்கள், குசினியை மட்டும் இடித்துத் தண்ணீர்க் குழாய் வைத்திருக்கிறார்கள். அதிகாரி அமர்ந்த இடம் தப்பியது, அம்மி கிடந்த இடம் போய்விட்டது. பணம் போட்டவர்கள் குளியலறை வேண்டும் என்றால் வளவில் வேறு இடமா இல்லை?

இதை ஒரு வீட்டுக் குறையாக மட்டும் நினைக்க என்னால் முடியவில்லை. 2004 கடற்கோளுக்குப் பிறகு வீடிழந்தவர்களுக்கு வீடு கொடுத்தபோது படிவத்தில் ‘குடும்பத் தலைவர்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் கணவனின் பெயரை எழுதினார்கள். அலை கொண்டுபோன வீடு மனைவியின் சீதனம், அவளுடைய தாய் எழுதிக்கொடுத்தது. பதிலுக்கு வந்த வீடு பல குடும்பங்களில் அவன் பெயருக்குப் போனது. பெண்கள் அமைப்புகள் சத்தம் போட்டன. தங்கள் பெயருக்கு மாற்றித் தரக் கேட்டு அலைந்த பெண்கள் இருக்கிறார்கள். படிவம் எழுதியவர்களுக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. ஊரைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை, அவ்வளவுதான். உங்கள் விறாந்தைப் பலகையும் அதே கட்டத்தை வேறு எழுத்தில் எழுதி மாட்டியதுதான்.

இப்போது உங்களிடம் வருகிறேன், தம்பி. கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ‘எங்கள் வீடு’ என்று எழுதியிருக்கிறீர்கள். உறுதியை எடுத்துப் பார்த்தீர்களா? அம்மாவின் பெயரில் இருக்கும். அதற்கு முந்தைய உறுதி அம்மம்மாவின் பெயரில் இருக்கும். அடுத்த பெயர் யாருடையதாக வர வேண்டும் என்று மாமாவுக்குத் தெரியாதா? அவர் தன் அக்காவின் வீட்டைப் பார்த்துக்கொள்கிறார், தன் வீட்டையல்ல. ‘தங்கைக்கு இதிலெல்லாம் ஆர்வம் இல்லை’ என்று அரை வரியில் அவளைக் கடந்து போய்விட்டீர்கள். எதில் ஆர்வம் இல்லை? விடுதி நடத்துவதிலா, வீட்டிலா? கேட்டீர்களா, நீங்களே முடிவு செய்தீர்களா? கனடாவில் வளர்ந்த பெண்ணுக்கு ஆரையம்பதியில் வீடு எதற்கு என்று உங்களுக்குத் தோன்றலாம். கனடாவில் வளர்ந்த ஆணுக்கு மட்டும் எதற்காம்?

சட்டப்படி நீங்கள் எதுவும் செய்யலாம். அம்மா கையெழுத்துப் போட்டால் முடிந்தது. வயதான அம்மா, மகன் கேட்டால் போடுவார். நான் பயப்படுவது அதற்குத்தான்.

பழைய வீடுகளை விடுதியாக்குவது சரியா என்று கேட்டிருந்தீர்கள். பூட்டிக் கிடந்து கறையான் தின்பதைவிட நல்லது. ஆள் புழங்காத வீடு மூன்று மாரியைத் தாங்காது. தாராளமாகச் செய்யுங்கள், தங்கை சம்மதித்தால்.

சுவரைப் பற்றி மட்டும் விளக்கமாகச் சொல்கிறேன், இது அவசரம். சீமெந்து வேண்டவே வேண்டாம். உங்கள் வீட்டுச் சுவர் சுண்ணாம்புச் சாந்தில் எழுந்தது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. நிலத்திலிருந்து உப்பு ஈரம் சுவரில் ஏறிக்கொண்டேதான் இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். காரை உதிர்வது ஈரம் வெளியேறுகிற அடையாளம், உதிர்ந்த இடத்தில் மறுபடி சுண்ணாம்பு பூசுவதுதான் பழைய முறை. மேலே சீமெந்து பூசினால் ஈரம் உள்ளேயே அடைபடும். முதல் வருடம் சுவர் பளபளவென்று இருக்கும். பிறகு உப்பு உள்ளே பூத்துப் பூச்சைப் பாளம் பாளமாகத் தள்ளும், பழைய கல்லையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழும். ஒப்பந்தகாரர் அதற்குள் பணத்தை வாங்கிக்கொண்டு போயிருப்பார். சுண்ணாம்பு சுட முருகைக்கல் எனும் பவளக்கல்லை அகழ்வது இன்று சட்டப்படி தடை, அதை யாராவது கொண்டுவந்து தந்தால் வாங்காதீர்கள். சிப்பிச் சுண்ணாம்பு தேடுங்கள். நீற்றி, தண்ணீருக்குள் மாதக்கணக்கில் ஊறவிட்டதாக இருக்க வேண்டும், இன்று நீற்றி நாளை பூசுவது ஆகாது. சுண்ணாம்பு வேலை தெரிந்த வயதான மேசன்மார் இன்னும் சிலர் இருக்கிறார்கள். மாமாவிடம் சொல்லி விசாரியுங்கள். மரவேலை செய்யும் ஓடாவியைக் கூப்பிட்டு முதலில் கூரை மரத்தைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், ஒழுக்கு நின்ற பிறகுதான் சுவரில் கைவைக்க வேண்டும்.

எப்படியும் இந்த மாரிக்கு முன் எதுவும் ஆகாது. கூரை ஓடுகளை மட்டும் சரிபார்த்து ஒழுக்கை அடைத்து வையுங்கள். தை பிறந்து மழை விட்டபின் கதவு யன்னலைத் திறந்துபோட்டு மாசி, பங்குனி முழுக்கச் சுவரைக் காயவிடுங்கள். பூச்சுவேலையைச் சித்திரைக்குப் பின் தொடங்கலாம். அதற்குள் தங்கையிடம் பேசுங்கள். தொலைபேசியில் வேண்டாம், நேரில் போய், உறுதியின் பிரதியைக் கையில் கொடுத்துக் கேளுங்கள். குசினியை என்ன செய்வது என்பதையும் அவளிடமே கேளுங்கள். அம்மாவிடம் அம்மம்மாவின் பெயரையும் அவருடைய தாயின் பெயரையும் கேட்டு எழுதி அனுப்புங்கள். உங்கள் விறாந்தைக்கு ஒரு பலகை வேண்டுமென்றால் நானே எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
அக்கா