வாளலகு ஓசனிச்சிட்டைக் காண எங்கே செல்வது?

அலுவலகப் பணியாக ஈக்வடாரின் தலைநகரான கித்தோவுக்குச் செல்லவிருக்கும் வாசகர் ஒருவர், அங்கு கிடைக்கும் இரண்டு ஓய்வு நாள்களில் வாளலகு ஓசனிச்சிட்டைக் காண இயலுமா என்றும், சர்க்கரை நீர்க் குப்பிகளைத் தொங்கவிட்டு அதை வரவழைப்பது பறவைக்குக் கேடாகாதா என்றும் கேட்டிருக்கிறார்.

தாராளமாக இயலும். ஹம்மிங்பேர்ட் என்று நாம் பொதுவாகச் சொல்லும் ஓசனிச்சிட்டுகளுள், வால் நீங்கலான உடலைவிட நீண்ட அலகு கொண்டது இது ஒன்றே. பறவையினம் முழுவதிலும் இதற்கு இணை கிடையாது. வெனிசுவேலாவிலிருந்து பொலிவியா வரை, ஆண்டிஸ் மலையின் குளிர்ந்த ஈரக்காடுகளில் வாழ்கிறது. கித்தோவை ஒட்டிய பிச்சிஞ்சா எரிமலைச் சரிவில், ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள யானாகோச்சா காப்பகமும், ஆண்டிஸின் கிழக்குச் சரிவில் பப்பயக்தா என்னும் ஊரைக் கடந்து வரும் குவாங்கோ விடுதியும் இதைக் காணப் பெயர்பெற்ற இடங்கள். யானாகோச்சா மிக உயரத்தில் இருப்பதால், வந்திறங்கிய மறுநாளே அங்கு ஏறாமல், முதலில் சற்றுத் தாழ்வான குவாங்கோவுக்குச் செல்லுமாறு பரிந்துரைக்கிறேன். காலை வேளையே ஏற்றது. மழைச்சட்டையும் கம்பளி உடையும் தேவைப்படும்.

குப்பிகளைப் பொறுத்தவரை, ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரைக்கு நான்கு பங்கு நீர் என்ற அளவில் கலந்து, சில நாள்களுக்கு ஒருமுறை குப்பியை நன்றாகக் கழுவி மாற்றினால் அஞ்சவேண்டியதில்லை. தேன் எளிதில் புளித்துப் பூஞ்சை பிடிக்கும் என்பதால் அதைச் சேர்க்கக் கூடாது. சிவப்புச் சாயமும் தேவையற்றது. குப்பி கலங்கியோ கறுத்தோ இருந்தால், பராமரிப்பவரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

ஆயினும் குப்பியருகே மட்டும் நின்று திரும்பிவிடாதீர்கள் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். பேஷன் பழக் கொடியின் உறவான ஒரு மலைக்கொடி, தன் நீண்ட குழல் போன்ற மலர்களின் மகரந்தச் சேர்க்கைக்குப் பெரிதும் இச்சிட்டையே நம்பியிருக்கிறது. நம் ஊமத்தையின் உறவான, தலைகீழாகத் தொங்கும் மலர்களிலும் அது கீழிருந்து அலகை நுழைத்துத் தேன் குடிக்கும். சிதறிப் பூத்திருக்கும் மலர்களை ஒரு சுற்றாக நாடிச்செல்வது அதன் வழக்கமாதலால், அத்தகைய கொடியோ மரமோ கண்ணில் பட்டால், ஓசையின்றி அருகில் அமர்ந்து காத்திருங்கள். கிளையில் அமர்கையில் அலகை மேல்நோக்கித் தூக்கி வைத்திருப்பதையும், அலகு எட்டாததால் கால் நகங்களாலேயே இறகு கோதுவதையும் அப்போது பார்க்கலாம். ஃபிளாஷ் இல்லாமல் படமெடுக்கவும் அதுவே நல்ல தருணம்.