66ஏ என்று சொல்லி மிரட்டினால்

வணக்கம். எம்.எல்.ஏ.வைக் கேலி செய்யும் சித்திரத்தை வாட்ஸ்அப்பில் பகிர்ந்ததற்காக, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில் (இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவது பற்றியது) வழக்கு என்று காவல் நிலையத்திலிருந்து தொலைபேசியில் மிரட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2015-லேயே ரத்து செய்துவிட்டது. செத்த பாம்பைக் காட்டுகிறார்கள்.

அவதூறு வேறு விஷயம். அது குற்றமாக நீடிக்கலாம் என்று 2016-இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது (எனக்கு உடன்பாடில்லை). இப்போது அது பாரதிய நியாய சன்ஹிதாவில் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 356-ஆவது பிரிவு. இரண்டாண்டு வரை சிறை. ஆனால் பாதிக்கப்பட்டவர்தான் மாஜிஸ்திரேட்டிடம் புகார் தர வேண்டும். போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது.

எழுத்து மூலம் நோட்டீஸ் கேளுங்கள். வந்தால் அலட்சியம் வேண்டாம், வழக்கறிஞரோடு போங்கள். அதே சட்டத்தின் 196 (பிரிவினரிடையே பகை வளர்ப்பது), 353(2) (பகை மூட்டும் பொய்த் தகவல் பரப்புவது) போன்ற பிரிவுகள் அதில் இருந்தால் போகும் முன்பே அவரிடம் காட்டிவிடுங்கள். அவற்றில் போலீஸே வழக்குப் பதியலாம்.