மறு: ஏரோசால் அதிகமா இருக்குற இடத்துல குளிர்ச்சி தெரியல, என் டேட்டா தப்பா?

டேட்டா தப்பு இல்லைங்க, தூக்கிப் போட்டுடாதீங்க. ஏரோசால் (காத்துல மிதக்குற நுண்துகள், இதுல பல வகை சூரிய ஒளிய திருப்பி அனுப்பி குளிர வைக்கும்) மேப்பும் வெப்பநிலை மாற்ற மேப்பும் பொருந்தலன்னு கேட்டிருக்கீங்க, அது ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தணும்னு எதிர்பார்க்கவே கூடாது.

சல்பேட் துகள் (கந்தக டை ஆக்சைடு புகையிலிருந்து உருவாகுற ஏரோசால்) காத்துல சில நாள்தான் நிக்கும், மழை கழுவிடும், அதனால மேப்புல கிளம்புன ஏரியாவ சுத்தியே தெரியும், ஆனா அங்க சூரிய ஒளி குறையறதால காத்தோட்டமும் கடல் வெப்பமும் மாறி விளைவு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிப் போயி நிக்கும். 1980களுக்கு அப்புறம் ஐரோப்பாவுல கந்தக டை ஆக்சைடு குறைஞ்சது ஆர்க்டிக் வேகமா சூடாகுறதுக்கும் ஒரு காரணம், ஏன்னா அங்க பனி கொஞ்சம் உருகுனாலே கருப்பு கடல் வெளிய வந்து இன்னும் ஒளிய உறிஞ்சுது. 1970, 80கள்ல ஆப்பிரிக்காவுல சஹாராவுக்கு தெற்க இருக்குற சாஹேல் பகுதியில வந்த கொடூரமான வறட்சியிலயும் வட அட்லாண்டிக் பக்கத்து மாசுக்கு பங்கு இருக்கு, வட அரைக்கோளம் குளிர்ந்து மழைப்பட்டையே தெற்க நகர்ந்துடுச்சு. மாசு ஒருத்தரோடது, பாதிப்பு இன்னொருத்தருக்கு, இது எனக்கு ரொம்ப அநியாயமா படுது.

அப்புறம் கரும்புகைத் துகளையும் சல்பேட்டையும் ஒரே எண்ணா சேத்துப் பாக்காதீங்க, கரும்புகை தரைக்கு வர்ற ஒளிய குறைச்சாலும் காத்த சூடாக்கும்.

ஒரே ஒரு மாடல் ரன் (கம்ப்யூட்டர் காலநிலை மாடல ஒரு தடவை ஓட்டுனது) வச்சிருக்கீங்கன்னு நெனைக்கிறேன், அதான் முக்கிய சிக்கல். 2021 ஐபிசிசி (ஐ.நா.வோட காலநிலை அறிவியல் குழு) அறிக்கைப்படி, முக்கியமா ஏரோசால் சேர்ந்த மத்த மனிதக் காரணிகள் உலக சராசரியில தந்த குளிர்ச்சியே 0 முதல் 0.8 டிகிரிக்குள்ளதான், எல் நினோ (பசிபிக் கடல் அப்பப்போ தானா சூடாகுறது) ஆட்டத்துல அது ஈசியா மறைஞ்சிடும். நெறைய ரன் எடுத்து சராசரி போட்டுட்டு மறுபடி மேப் வரைஞ்சு பாருங்க.