சிறிய அணு உலை வேலைக்கு எந்த பி.இ. படிக்கலாம்?

அன்புள்ள ஐயா,

வழக்கமான அணு உலையைவிடக் குறைந்த மின்சாரம் தரும் சிறிய அணு உலைகள் வரப்போகும் செய்தியைப் படித்து, அந்த வேலைக்குப் போக மகள் ஆசைப்படுகிறாள், ஆனால் அவள் அம்மா கதிர்வீச்சை நினைத்துப் பயப்படுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். மகளின் ஆசைக்குத் தடை போடாதீர்கள். ஆனால் அணுசக்திக்கென்றே உள்ள தனிப் படிப்பில் இப்போதே சேர்க்க வேண்டாம். மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், கெமிக்கல், இந்த மூன்றில் அவளுக்குப் பிடித்ததை எடுக்கட்டும்.

நீங்கள் படித்த செய்தி சரிதான். 2025 பட்ஜெட்டில் சிறிய அணு உலைகளின் ஆராய்ச்சிக்கு 20,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 2033-க்குள் நம் நாட்டிலேயே உருவாக்கிய ஐந்து உலைகளாவது ஓட வேண்டும் என்றார்கள். ஆனால் இந்தத் துறையில் தேதிகள் தள்ளிப்போவது சகஜம். சீனாவின் ஷிடாவ் விரிகுடாவிலும் ரஷ்யாவின் பெவெக்கிலும் சிறிய உலைகள் மின்சாரம் தருகின்றன. அமெரிக்காவிலோ, நுஸ்கேல் நிறுவனத்தின் சிறிய உலைகளை வைத்துப் போட்ட திட்டத்தைச் செலவு ஏறியதால் 2023 நவம்பரில் கைவிட்டார்கள். நாளைக்கு இங்கே தாமதமானாலும் மெக்கானிக்கல் படித்த பெண்ணுக்கு அனல்மின் நிலையமும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் இருக்கின்றன.

பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பயிற்சிப் பள்ளிக்கு பி.இ.யில் 60 சதவீதம் வேண்டும். பொறியியல் பட்டதாரிகள் எழுதும் தேசியத் தேர்வான கேட் (GATE) மதிப்பெண் வழியாகவும் நேர்முகத் தேர்வுக்குப் போகலாம். தேர்வானால் உதவித்தொகையோடு ஒரு வருடப் பயிற்சி. அணு உலை இயற்பியலை அங்கேயே சொல்லித் தருகிறார்கள். அதனால்தான் பி.இ.யில் அடிப்படை உறுதியாக இருந்தால் போதும் என்கிறேன்.

இன்னொரு வழியைப் பலர் கவனிப்பதில்லை. சிறிய உலையின் பெரும்பகுதியைத் தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து பொருத்துவதுதான் திட்டம். அப்படியானால் வேலை பட்டறையில் கூடும். உலைக் கலனில் ஒரு வெல்டிங் முடிந்ததும் எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட் வைத்து உள்ளே துளை, விரிசல் உண்டா என்று பார்ப்பார்கள். குறை தெரிந்தால் அந்த இடத்தைத் தோண்டி எடுத்து மறுபடி வெல்டிங். திருச்சி பெல் ஆலை அணுமின் நிலையங்களுக்கு நீராவி உற்பத்திக் கலன்களே செய்து தந்திருக்கிறது. வெல்டிங், சோதனை இரண்டும் தெரிந்த பொறியாளரை எந்தக் கனரக ஆலையும் விடாது.

அப்புறம், அவள் அம்மாவின் பயம். கதிர்வீச்சுப் பகுதியில் வேலை செய்பவர் மார்பில் ஒரு சிறு பேட்ஜ் அணிகிறார். உடல் வாங்கிய கதிர்வீச்சின் அளவை அது பதிவு செய்யும். அந்த அளவைச் சொல்லும் அலகு மில்லிசீவர்ட். ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதி. பயப்படுவது இயல்புதான், ஆனால் முடிவை இந்த எண்களைப் பார்த்து எடுங்கள்.

கவுன்சிலிங்கில் விருப்பப் பட்டியலைப் பூட்டுவதற்கு முன் கட்-ஆஃப் மதிப்பெண்ணோடு எனக்கு அனுப்புங்கள். அவளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுவோம்.